கஜா சாய்த்த பலாமரம்

2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியது. விடிந்ததும் பட்டுக்கோட்டைக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் தோப்புக்குப் போனால், நாற்பது சொச்சம் தென்னை படுத்துக் கிடந்தது, கிணற்றடியில் தாத்தா வைத்த பலாவும் வேரோடு சாய்ந்திருந்தது. அப்பா அந்தப் பலாவுக்குப் பக்கத்தில்தான் போய் உட்கார்ந்தார்.

தென்னையை அப்படியே விட முடியாது. மட்கும் கட்டையில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, மிச்சம் நிற்கிற மரங்களின் குருத்தையும் குடைந்துவிடும். வந்த விலைக்குச் செங்கல் சூளைக்கு ஏற்றிவிட்டோம். இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது. முற்றின தென்னையில் நடுப்பகுதிதான் பஞ்சு மாதிரி, வெளிப்பகுதி அவ்வளவு கெட்டி, அறுத்திருந்தால் கொட்டகைக்கு வேண்டிய கைமரமும் சட்டமும் அதிலேயே கிடைத்திருக்கும்.

பலாவை அப்பா விடவில்லை. மில்லில் அறுத்து, பலகைக்கு நடுவே குச்சி கொடுத்து அடுக்கி, ஒன்றரை வருடம் நிழலில் காயவைத்தோம். ஆசாரி இழைக்க உட்கார்ந்த அன்று திண்ணை முழுக்க மஞ்சள் மஞ்சளாகச் சுருள். "தஞ்சாவூர்ல வீணையே இதுலதான் செய்றாங்க தம்பி, இதப் போயி எரிப்பாங்களா" என்றார். ஒரு கட்டில், இரண்டு ஜன்னலுக்குக் கதவு, மிஞ்சின துண்டில் அம்மாவுக்கு அரிவாள்மனைப் பலகை.

காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன், மரம் காற்றிலிருந்து இழுத்துச் சேர்த்தது. கட்டிலாக இருக்கிறவரை அது உள்ளேயே கிடக்கும், எரித்தால் கிலோவுக்குச் சுமார் 1.8 கிலோ கரியமில வாயு அன்றைக்கே வெளியே போய்விடும். மரக்கழிவு மறுசுழற்சி என்றாலே தூளாக்கி அமுக்கின போர்டுதான் பலருக்கு ஞாபகம் வருகிறது. எரிப்பதற்கு அது எவ்வளவோ மேல், சரி, ஆனால் அதில் சேர்க்கும் பசை பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு கலந்தது, தண்ணீர் பட்டால் ஊதிவிடும், மறுபடி இழைத்து வேறொன்று செய்யவும் முடியாது. பலகையாக வைத்திருக்க முடிகிறவரை பலகையாகவே வைத்திருக்க வேண்டும், என் கட்சி அதுதான்.

அப்புறம், மரத்தூளை நேராகச் செடிக்குப் போடாதீர்கள். நாங்கள் போட்டு, கத்தரி எல்லாம் வெளுத்துவிட்டது. தூளை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தை முதலில் எடுத்துக்கொள்கின்றன. இப்போது மாட்டுக் கொட்டகையில் பரப்பி, சாணியும் மூத்திரமும் நன்றாக ஊறினபிறகு குப்பைக்குழிக்குப் போகிறது. பழைய வீட்டுக் கதவை வாங்கி இழைக்கிறவர்கள் முகத்தில் துணி மட்டும் போதும் என்று நினைக்க வேண்டாம், அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருந்திருக்கலாம், நல்ல மாஸ்க் போடுங்கள், அந்தத் தூளை அடுப்பிலும் போடாதீர்கள், தொட்டிலும் குழந்தையும் இருக்கும் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

தோப்பில் காய்ப்பு ஓய்ந்த தென்னை நான்கு நிற்கிறது. மில்லில் கேட்டால் தென்னை அறுத்தால் வாள் மழுங்கும் என்று தயங்குகிறார்கள். சாணை பிடிக்கிற கூலியையும் சேர்த்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.