வெறும் மேடுதான் சார்

"இது என்ன?" என்று சுபேதார் கேட்டார். "வெறும் மேடுதான் சார்" என்றேன். ஆறு வருஷமாகிறது. அந்தப் பதிலை மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

பல்லாவரம் பக்கம் ராணுவ நிலத்தில் மழைநீர் வடிகால் வேலை. கான்ட்ராக்டர் தரப்பில் நான் சைட் இன்ஜினியர். சீமைக்கருவேலத்தை ஜேசிபி வழித்தபோது உருண்டைப் பாறைகள் வட்டமாகத் தலைகாட்டின, நடுவில் கற்குவியல். மேஸ்திரிக்கு மதுராந்தகம் பக்கம். "சார், இது பாண்டவர் குழி. எங்க ஊர்ல தொடமாட்டாங்க" என்றார்.

எனக்கும் தெரியாமலில்லை. 1863 மே 30இல் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் கற்காலக் கைக்கோடரியை எடுத்தது இதே பல்லாவரத்தில், அணிவகுப்பு மைதானத்தில் சரளை தோண்டிய குழியில்தான். அது வேறு காலம். இது அதற்கு வெகு பின்னால் வந்த இரும்புக்காலத்துக் கல்வட்டம், செத்தவர்களைப் புதைத்த இடம். அடியில் தாழியோ சுடுமண் பேழையோ, கருப்பு சிவப்புப் பானைகளோ இருக்கலாம். பல்லாவரத்துப் பேழையை எழும்பூர் மியூசியத்தில் பார்த்தவன்தான் நான்.

பிறகு ஏன் அப்படிச் சொன்னேன்? சொல்லியிருந்தால் வேலை நிற்கும், பில் நிற்கும், கூலியாட்கள் ஊருக்குக் கிளம்புவார்கள். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று ஆகிவிட்டால் 2010 சட்டத் திருத்தப்படி 100 மீட்டருக்குள் எதுவும் கட்டக்கூடாது, அதைத் தாண்டி 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். அதனால் ஒரு மாடி எழுப்ப முடியாமல் தவிப்பவர்களை இதே பல்லாவரத்தில் பார்க்கிறோம். ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் இதெல்லாம் ஒன்றும் மனசில் ஓடவில்லை. பில் மட்டும்தான்.

வடிகாலை ஆறு மீட்டர் தள்ளிப் போட்டேன். வரைபடத்தில் காரணம் "பாறை" என்று எழுதினேன். பொய்யில்லை, பாறைதானே! காப்பாற்றிவிட்டேன் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். வேலிக்கு வெளியே இருந்த மேடெல்லாம் மனையாகிவிட்டது. இது தப்பியது கேட்டுக்குள் யாரையும் விடாததால். அப்படியானால் வாயை மூடிக்கொண்டதும் சரிதானோ? ஆனால் அடுத்து வருகிற இன்ஜினியர் என் வரைபடத்தைப் பிரித்தால் "பாறை" என்றுதான் படிப்பான். பாறையை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாதா.

அன்று சாயங்காலம் டீக்கடையில் மேஸ்திரி கேட்டார்: "சொல்லிட்டீங்களா சார்?"

"சொல்லிட்டேன் அண்ணே."

அதற்குமேல் கேட்கவில்லை. டீக்கும் அவரே காசு கொடுத்தார்.