வெறுந்தட்டுகள்

அம்மா ஆடியில் போய்விட்டார். முதலாம் வருஷ ஆட்டைத் திவசம் முடியும்வரை எங்கள் வீட்டில் தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை, சித்திரை வருஷம் இல்லை. சிவராத்திரி முடிந்து எங்கள் திருகோணமலைக் கோணேசர் நகர்வலம் வரும்போது வாசலில் நிறைகுடமாவது வைக்கலாமா என்று மட்டக்களப்பில் இருக்கும் பெரியம்மாவிடம் போனில் கேட்டேன். "ஒரு வருஷம் பொறு பிள்ளை" என்றார். சரி, பொறுக்கிறேன்.

இந்த வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. புதுச்சட்டை போடு, சிரி, படம் எடு என்று துக்க வீட்டுக்காரரை யாரும் வற்புறுத்த முடியாது. அந்த வசதி அதில் இருக்கிறது. ஆனால் கைக்கு வேலை இல்லாமல் போய்விடுகிறது, அதுதான் கஷ்டம். அம்மா இருந்தபோது ஐப்பசியில் முறுக்கு, கார்த்திகையில் விளக்கீட்டுக்குத் திரி திரிப்பது, மார்கழியில் விடியப்புறம் கோவிலுக்குப் பூ என்று மாதாமாதம் ஏதாவது ஒரு வேலை தலையில் விழும். திட்டிக்கொண்டே செய்வேன். இந்த வருஷம் திட்டுவதற்கும் ஒன்றும் இல்லை. மாலையில் நான் வேலை செய்யும் அரச அலுவலகமான கச்சேரியில் இருந்து வந்து, குசினியில் ஒரு தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு, அம்மா இருக்கும் கதிரைக்கு எதிர்க்கதிரையில் இருப்பேன். அந்தக் கதிரையில் பூனை படுத்துக்கொள்ளும். அதற்குத் துடக்கு, திவசம் எதுவும் தெரியாது.

முப்பத்தொராம் நாள் கிரியையான முப்பத்தொன்று முடிந்த கையோடு ரொறன்ரோவில் இருந்து வந்திருந்த அண்ணா கன்னியாவுக்குப் போய்க் குளிக்கவேண்டும் என்றார். இராவணன் தாய்க்குக் கடன் கழிக்க வாளால் ஏழு இடத்தில் குத்த, ஏழு வெந்நீர்க் கிணறு வந்தது என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே போனோம். ஏழு கிணற்றிலும் ஏழு விதச் சூடு. அண்ணா ஒவ்வொன்றிலும் வாளி போட்டு அள்ளி ஊற்றிக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. அம்மா இங்கே வந்தால் எந்தக் கிணறு முட்டை அவிக்கச் சரியாக இருக்கும் என்று கையை விட்டுப் பார்ப்பார், அந்த நினைப்புத்தான் வந்தது. முப்பது வருஷம் மனையியல் படிப்பித்தவர். சூட்டை விரலால் அளப்பார்.

தீபாவளிக்கு எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டிப் பலகாரம் சுடவில்லை. ஆனால் பலகாரத்துக்குக் குறையும் இல்லை. துக்க வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள் என்று அயலில் எல்லோருக்கும் தெரியும். அதனால் ஏழு வீட்டில் இருந்து ஏழு தட்டு வந்தது. பயற்றம் பணியாரம், சீப்புப் பணியாரம், முறுக்கு, ஒரு வீட்டில் இருந்து மஸ்கற். மூன்றாம் வீட்டுக் கத்தோலிக்க அன்ரி கூட எங்கேயோ சொல்லிச் செய்வித்துக் கொண்டுவந்து தந்தார். நான் தனி ஆள். ஒரு மாதம் முறுக்கு தின்றேன்.

முறுக்கு முடிந்தது, தட்டுகள் மிஞ்சின. வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார். துக்க வீட்டில் இருந்து இனிப்புப் போகலாமா? யாரிடம் கேட்பது என்று தெரியாமல் ஏழு தட்டையும் கழுவி, குசினி அலுமாரிக்கு மேல் அடுக்கி வைத்தேன். கார்த்திகை முழுக்க அவை அங்கேயே இருந்தன. நிமிரும்போதெல்லாம் கண்ணில் பட்டன.

மார்கழிக்குக் கொஞ்சம் முன்னர், வாடைக்காற்றும் மழையுமாகக் கடல் இரையும் ஒரு பின்னேரம் அன்ரி வந்தார். குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, நேரே விஷயத்துக்கு வந்தார்.

"மகள், அம்மா இருந்திருந்தா இப்ப கஜு வெட்டத் தொடங்கியிருப்பா."

கேக்குக்குப் போடும் முந்திரிப்பருப்பைத்தான் கஜு என்கிறோம். இதற்குக் கொஞ்சம் முன்கதை சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் அடிக்கும் கிறிஸ்மஸ் கேக் எங்களுடையதே இல்லை. அன்ரியின் தாயார் அடித்த கேக் அது. அம்மா கல்யாணமாகி இந்த ஒழுங்கைக்கு வந்த புதிதில், அந்தப் பெரிய மனுஷி பக்கத்தில் ஒரு வாங்கு போட்டு இருத்தி, கரண்டி பிடிக்கக் கற்றுக்கொடுத்தாராம். 1964 மார்கழி 22 புயலில் அவர்கள் வீட்டுக் கூரை முழுக்கப் போய், கேக் தகரம் மட்டும் கட்டிலுக்கடியில் நனையாமல் கிடந்தது என்று அந்தப் பாட்டி ஒவ்வொரு நத்தாருக்கும் சொல்லுவார். பாட்டி போனபிறகு அன்ரி அடித்தார். அன்ரிக்குக் கை மூட்டு வீங்கத் தொடங்கிய பிறகு, இருபது வருஷத்துக்கு மேலாக, அம்மாதான் எங்கள் குசினியில் அடித்து அவர்கள் வீட்டுக்குக் கொடுத்து வந்தார். பிராண்டிப் போத்தல் ஒன்று எங்கள் சாமித்தட்டுக்குக் கீழ் உள்ள பெட்டியில் இருக்கும். அப்பா இருந்த காலத்தில் அதைக் கண்டுபிடிக்காமல் இருக்கத்தான் அந்த இடம். பிறகு அதுவே அதன் இடமாகிவிட்டது.

பெரியம்மாவிடம் மறுபடியும் கேட்டேன்.

"துடக்கு வீட்டில கேக் அடிக்கிறதோ?"

"பெரியம்மா, கேக் எங்கட கொண்டாட்டத்தில சேர்த்தியா? அது அவையளுக்குத்தானே. நான் அடிச்சுக் குடுக்கிறன், அவ்வளவுதான்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. எந்தச் சாஸ்திரத்திலும் கேக் இல்லை என்பது அவருக்கும் விளங்கியிருக்கவேண்டும். பிறகு, "முட்டை நல்லதாப் பாத்து வாங்கு. எனக்கும் ரெண்டு துண்டு ஆரிடமாவது குடுத்துவிடு" என்றார்.

அம்மாவின் கொப்பி நீல மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி. முன்பக்கம் பாடக்குறிப்பு, பின்பக்கத்தில் இருந்து சமையல். எல்லாம் றாத்தல், அவுன்ஸ் கணக்கு. கஜு ஒரு றாத்தல், பிளம்ஸ் ஒரு றாத்தல், ரவை அரை றாத்தல், மாஜரின் அரை றாத்தல், சீனி ஒரு றாத்தல், முட்டை மஞ்சட்கரு 25. சீனிப்பாகில் ஊறிய பூசணித் தோசி, இஞ்சித் தோசி, செரி, தேன், பன்னீர், ஏலம், கராம்பு, கறுவா. கோதுமை மா கிடையாது, பேக்கிங் பவுடர் கிடையாது. இது பொங்கி எழும்பும் கேக் இல்லை. ரவையும் மஞ்சட்கருவும் சேர்ந்து பழத்தையும் கஜுவையும் பிடித்து வைத்திருக்கும், அவ்வளவுதான். ஒரு துண்டு தின்றால் பிறகு தண்ணீர் குடிக்கவேண்டும்.

ஓரத்தில் ஒவ்வொரு வருஷமும் அம்மா ஏதாவது எழுதியிருக்கிறார். ஒரு வருஷம் "சீனி கூட." இன்னொரு வருஷம் "மழை. கஜு வெயிலில் காயவில்லை, சட்டியில் வறுத்தேன்." 2004க்கு எதிரில் ஒன்றுமே இல்லை. அந்த வருஷக் கேக்கை, சுனாமி வந்த மார்கழி 26 காலையில் யார் நினைத்தார்கள்? நாடு நெருக்கடியில் இருந்த 2022க்கு எதிரில் இப்படி இருக்கிறது: "கஜு அரைவாசி, கச்சான் அரைவாசி. ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை." நிலக்கடலை கலந்த அந்தக் கேக்கில் நான் நாலு துண்டு தின்றேன். நானும் கண்டுபிடிக்கவில்லை. கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தனியாக இருந்து சிரித்தேன். அம்மா போனபிறகு அந்தக் குசினியில் நான் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

என்.சி. ரோட்டில் சாமான் வாங்கினேன். கஜு விலையைக் கேட்டதும் கச்சான் யோசனை எனக்கும் வந்தது, வெட்கத்தில் விட்டுவிட்டேன். மூன்று இரவு வெட்டினேன். கஜுவை எந்த அளவில் வெட்டுவது என்று கொப்பியில் இல்லை. அம்மாவின் வெட்டு என் கைக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன், தெரியவில்லை. அன்ரி வந்து பார்த்துவிட்டு, "பல்லில ஆப்பிடவும் வேணும், பல்லை உடைக்கவும் கூடாது" என்று ஒரு அளவு சொன்னார். வெட்டியதைப் பிராண்டியிலும் தேனிலும் போட்டு மூடி வைத்தேன். தினமும் வேலையால் வந்ததும் சட்டியைத் திறந்து ஒரு தரம் கிளறுவேன். வீட்டில் எனக்காக ஒன்று காத்துக்கொண்டிருந்தது. அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

கேக் தட்டுக்குப் பேப்பர் போடுவதைச் சொல்லவேண்டும். குறைந்த சூட்டில் இரண்டரை மணித்தியாலம் இருக்கும் கேக், அடி கருகக்கூடாது. அதனால் அடியிலும் சுற்றிலும் ஏழெட்டு மடிப்புப் பழைய பேப்பர், அதற்கு மேல் ஒயில் பேப்பர். எங்கள் ஊர்ப் பேப்பர்களில் மரண அறிவித்தல்தானே பக்கம் பக்கமாக வரும். அம்மா அந்தப் பக்கங்களை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிடுவார். "ஒரு மனுசற்ற முகத்தை ஏன் நெருப்புக்குள்ள வைப்பான்" என்பார். நானும் கவனமாகப் பிரித்தேன். அப்படிப் பிரிக்கும்போது, ஆவணி மாதக் கட்டுக்குள் அம்மாவின் முப்பத்தொன்று அறிவித்தல் வந்தது. அண்ணா கொடுத்த படம், பென்சன் எடுத்த நாளில் எடுத்தது. வெட்டி எடுத்துக் கொப்பிக்குள் வைத்தேன். மீதியை மடித்துத் தட்டில் போட்டேன்.

அடிக்கும் நாள் சனிக்கிழமை. அதிகாலையில் திருவெம்பாவைச் சங்குச் சத்தம் கேட்டது, பிறகு ஆலய மணி, பிறகு மழை. முட்டையை உடைத்து மஞ்சளை வேறாக்க ஆரம்பித்தேன். ஏழாவதில் கை பிசகி மஞ்சள் வெள்ளைக்குள் போய்விட்டது. அம்மா அப்படியான முட்டையைத் தனியே எடுத்து எனக்குப் பொரித்துத் தருவார். நானே பொரித்துத் தின்றேன். சீனியும் மஞ்சட்கருவும் வெளுத்து நுரைத்து வரும்வரை அடித்தேன். மாஜரினோடு வறுத்த ரவையைச் சேர்த்து, பழத்தைக் கொட்டியதும் கரண்டி நகரவில்லை. அன்ரி சொல்லியபடி கையை விட்டுப் பிசைந்தேன். முழங்கைவரை கறுவாவும் பிராண்டியும் மணத்தது.

கரண்ட் அவனில் 150 பாகையில் வைத்து ஐம்பது நிமிஷம். கரண்ட் போய்விட்டது.

வாடை மாதத்தில் கரண்ட் போவது புதிது இல்லை. ஆனால் அன்றைக்கு நான் குசினி நிலத்தில் இருந்து அழுதேன். ஆடி மாதம் அழாத அழுகை எல்லாம் சேர்த்து. 25 முட்டை, ஒரு றாத்தல் கஜு, அம்மா, எல்லாம் ஒன்றாகப் போய்விட்டது போல இருந்தது. அரை மணித்தியாலம் பார்த்தேன், வரவில்லை. அன்ரியின் வாசலில் போய் நனைந்துகொண்டு நின்றேன். அவர் பதறவே இல்லை. "இது எழும்புற கேக்கோ, இறங்கிறதுக்கு? மண்சட்டியை எடு" என்றார்.

2022இல் காஸ் இல்லாமல், கரண்டும் இல்லாமல் இருந்தபோது அம்மா கிணற்றடிக் கொட்டிலில் செய்து வைத்த ஏற்பாடு அது. மண்ணால் செய்த சட்டி இல்லை, மண் போட்ட சட்டி: பெரிய அலுமினியச் சட்டி, அதற்குள் கழுவிக் காய வைத்த கடல் மண் மூன்று விரல் உயரத்துக்கு, அதன்மேல் ஒரு ஓட்டுத் துண்டு. ஓட்டின்மேல் தட்டு. மூடித் தகரம் ஒன்று, தகரத்தின்மேல் சிரட்டைக்கரித் தணல். கீழே தணல் கொஞ்சம், மேலே கூட, இதுதான் சூட்சுமம். அன்ரி கதிரையில் இருந்துகொண்டு கையால் வேலை வாங்கினார். "இன்னும் ரெண்டு தணல். போதும். இப்ப மூடியைத் தொடாத." மழை கொட்டில் ஓரமாக விழுந்தது. கோட்டைப் பக்கத்து மான் ஒன்று வேலியோரம் வந்து நின்று, இரண்டு பெண்கள் சட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுப் போனது. ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பிறகு ஈர்க்குக் குத்திப் பார்த்தோம். ஒட்டாமல் வந்தது. கரண்ட் இரவு எட்டு மணிக்கு வந்தது.

மறுநாள் ஆறியபிறகு கவிழ்த்துப் பேப்பரை உரித்தேன். ஒயில் பேப்பர், பிறகு ஒன்று, இரண்டு, மூன்று. கடைசி மடிப்பில், எண்ணெய் ஊறி மஞ்சளாகி, மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு ஐயா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தாம் ஆண்டு நினைவு. விளையாட்டுப் பக்கத்துக்குப் பின்னால் இருந்திருக்கிறார், நான் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து மடித்திருக்கிறேன். கண்ணாடி ஓரம் கொஞ்சம் கருகியிருந்தது. முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

முதல் துண்டை அம்மாவின் படத்துக்கு முன்னால் வைத்தேன். அடுத்த துண்டை அந்தப் பேப்பர்த் துண்டின் மேலேயே வைத்து, படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். யார், எந்த ஊர் என்று தெரியாது. இரண்டரை மணித்தியாலம் எங்கள் கேக்கைத் தாங்கியிருக்கிறார்.

மிச்சத்தை வெட்டி, ஒயில் பேப்பரிலும் கலர்ப் பேப்பரிலும் சுற்றினேன். அன்ரிக்குப் பெரிய பெட்டி ஒன்று. பிறகு அலுமாரிக்கு மேல் இருந்து ஏழு தட்டையும் இறக்கித் துடைத்தேன். 24ஆம் திகதி பின்னேரம் ஏழு வீட்டுக்கும் ஏழு தட்டும் போய்விட்டன. அன்ரி பாலன் குடிலுக்கு முன்னால் இருந்து ஒரு துண்டை வாயில் போட்டார், கண்ணை மூடினார், நெடுநேரம் மென்றார்.

"ஏலம் கூடிப்போச்சு" என்றார். "மற்றப்படி சரி."

வீட்டுக்கு வந்து கொப்பியை எடுத்தேன். அம்மாவின் கடைசிக் குறிப்புக்குக் கீழே எழுதினேன்: "கரண்ட் போனது. மண்சட்டி. ஏலம் கூட. பேப்பரின் மறுபக்கத்தையும் பார்க்கவும்."