ஆ போவின் சிவப்புப் புத்தகமும் அம்மாவின் பஞ்சாங்கமும்

2023 ஜூலை கடைசியில் எங்கள் வீட்டுச் சாவி கைக்கு வந்தது. ஈப்போவில், அம்மா வீட்டுக்கு எதிர்வரிசையிலேயே ஒரு பழைய வரிசை வீடு. ஆடி மாதம் என்பதால் சாவியைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். ஆகஸ்ட் 18 ஆவணி ஒன்று. ஆவணியில் ஒரு நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிவிடலாம் என்பது அம்மாவின் கணக்கு.

அம்மா அதைப் பக்கத்து வீட்டு ஆ போவிடம் சொன்னார். ஆ போ என்றால் கான்டனீஸில் பாட்டி. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் எங்கள் பக்கத்து வீடு. அம்மாவைத் ‘தங்காச்சி’ என்றுதான் கூப்பிடுவார். இருவரும் பேசுவது பாசார் மலாயில், அதாவது கடைத்தெரு மலாயில். அம்மா சொன்னதைக் கேட்டதும் ஆ போ இரண்டு கைகளையும் குறுக்கே ஆட்டி, “தா போலே, தா போலே” என்றார். கூடாதாம். ஆகஸ்ட் 16 முதல் செப்டம்பர் 14 வரை சீனர்களுக்கு ஏழாம் மாதம்.

ஏழாம் மாதம் என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும். கீழுலகக் கதவு திறந்து ஆவிகள் ஊருக்குள் வரும் மாதம். சாயங்காலம் ஆனால் எங்கள் தெருச் சாக்கடை ஓரமாக மெழுகுவர்த்தியும் ஊதுபத்தியும் நட்டு, ஆரஞ்சும் சோறும் வைத்து, தங்கத் தாள் ஒட்டிய காகிதங்களை எரிப்பார்கள். கூத்து மேடை போட்டால் முதல் வரிசை நாற்காலிகள் காலியாகவே இருக்கும், அது ஆவிகளுக்கு. அந்த மாதம் வீடு மாற மாட்டார்கள், கல்யாணம் செய்ய மாட்டார்கள், இரவில் துணி காயப்போட மாட்டார்கள். சின்ன வயதில் அந்தச் சாம்பலை மிதிக்காதே என்று எங்களைச் சுற்றிப் போகச் சொன்னது ஆ போ இல்லை, என் அம்மாதான்.

பெரும்பாலும் ஏழாம் மாதத்தில் பல நாள் ஆடியோடு போய்விடும். அந்த வருடம் அப்படி அமையவில்லை. காரணத்தை ஆ போதான் சொன்னார். அந்த வருடம் அவர்களுக்கு இரண்டாம் மாதம் இரண்டு முறை வந்தது. நிலாக் கணக்கு மாதங்கள் சூரியனை விட்டுப் பின்தங்கிக்கொண்டே வருவதால், 19 வருடத்தில் 7 முறை இப்படி ஒரு மாதத்தைச் செருகுவார்கள். எந்த நிலா மாதத்துக்குள் சூரியன் ராசி மாறவில்லையோ, அந்த மாதம்தான் உபரி. நம் பக்கம் அதிக மாதம் கணக்கிடுவதும் இதே விதிதான். இது எனக்குப் பெரிய ஆச்சரியம். அந்த உபரி மாதம்தான் ஏழாம் மாதத்தைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் ஆவணிமேல் போட்டிருந்தது.

ஆவணி போனால் புரட்டாசி. அதில் அம்மா குடிபோக விடமாட்டார். செப்டம்பர் 18 புரட்டாசி ஒன்று. ஆக, இரண்டு வீட்டுக்கும் பொதுவாகக் கிடைத்தது செப்டம்பர் 15, 16, 17. மூன்றே நாள்.

ஒரு சாயங்காலம் ஆ போ தன் புத்தகத்தோடு எங்கள் வாசலுக்கு வந்தார். அதை அப்போதுதான் கையில் வாங்கிப் பார்த்தேன். செங்கல் மாதிரி தடிமன், மேலட்டை ரத்தச் சிவப்பு, மூலையில் ஆணியில் மாட்டுவதற்கு ஒரு சிவப்புக் கயிறு. பெயர் தொங் சிங். பழைய பெயர் தொங் சூ. சூ என்றால் புத்தகம். ஆனால் கான்டனீஸில் ‘தோற்பது’ என்பதற்கும் அதே ஒலி. தோல்வியை யார் வீட்டில் மாட்டுவார்கள்? ‘எல்லாவற்றிலும் வெற்றி’ என்று பொருள்படும்படி சிங் ஆக்கிவிட்டார்கள். உள்ளே ராசிபலன், முகலட்சணம், பின்பக்கங்களில் ஆங்கிலச் சொற்களைச் சீன எழுத்தில் உச்சரிக்கக் கற்றுத்தரும் ஒரு பட்டியல்கூட இருந்தது. ஆ போ பள்ளிக்கூடமே போகாதவர், ‘தேங்க்யூ’வை அந்தப் பக்கத்திலிருந்துதான் படித்தாராம்.

ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். மேலே செய்யத் தக்கவை, கீழே தவிர்க்க வேண்டியவை. முடிவெட்ட, கட்டில் போட, அடுப்பு வைக்க, கடை திறக்க, பயணம் போக, குழி தோண்ட என்று எல்லாவற்றுக்கும் நாள் உண்டு. எதற்குமே ஆகாது என்று எழுதிய நாளும் உண்டு. அப்புறம் அந்த நாள் எந்த விலங்குக்குப் பகை என்றும் இருக்கும். அதற்காக எங்கள் எல்லோருடைய பிறந்த வருடத்தையும் ஆ போ கேட்டார். நான் 1984, எலி. என் கணவர் 1981, சேவல். மகள் 2014, குதிரை.

15ஆம் தேதி எலி நாள். குதிரைக்குப் பகை, மகளுக்கு ஆகாது. அம்மாவுக்கும் ஆகவில்லை, காலை வரை அமாவாசை. 16ஆம் தேதிதான் ஆ போவுக்குப் பிடித்தது. பன்னிரண்டு நாள் சுழற்சி ஒன்று இருக்கிறது, அதில் அது ‘டிங்’, நிலைபெறும் நாள். வீட்டுக்கு இதைவிட என்ன வேண்டும் என்றார். போதாததற்கு மலேசிய தினம், எல்லோருக்கும் விடுமுறை. அம்மா உதட்டைப் பிதுக்கினார். சனிக்கிழமை. பிரதமை வேறு. ஊர்ப் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் நேரத்தோடு இரண்டரை மணி கூட்டினால் நமக்குப் பகல் பன்னிரண்டு வரை இழுக்கிறது.

மிஞ்சியது 17, ஞாயிறு. வளர்பிறைத் துவிதியை, அஸ்த நட்சத்திரம். அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நல்ல நேரம் ஏழரை முதல் எட்டரை. ஆ போ விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஏழு முதல் ஒன்பது டிராகன் நேரம், பாகுஸ், நல்லது என்றார். இரண்டு புத்தகமும் ஒரே மணியைக் காட்டியபோது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பை நான் மறக்க மாட்டேன்.

ஒரே ஒரு சிக்கல். அது புலி நாள், குரங்குக்குப் பகை. மாமா 1968 ஆகஸ்டில் பிறந்தவர், குரங்கு. தாய்மாமன் இல்லாமல் எப்படிப் பால் காய்ச்சுவது? அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆ போ யோசித்துச் சொன்னார்: வரக்கூடாது என்றில்லை, நுழையும் நேரத்தில் மட்டும் பார்க்க வேண்டாம், முடிந்ததும் வரட்டும்.

அன்றைக்கு மாமா சீர்த்தட்டோடு எதிரே ஆ போ வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தார். இங்கே பால் பொங்கியதும் அம்மா வாசலுக்கு வந்து கைகாட்ட, அவர் தெருவைக் கடந்து வந்தார். பின்னாலேயே ஆ போ, சிவப்பு நாடா கட்டிய ஓர் அன்னாசிப் பழத்தோடு. ஹொக்கியனில் அன்னாசிக்கு ஓங் லாய் என்று பெயர், ‘செழிப்பு வருகிறது’ என்றும் கேட்கும். வாசற்படியில் குனிந்து அதை உள்ளே உருட்டிவிட்டார். அது கோலத்தின் ஒரு ஓரத்தைக் கலைத்துக்கொண்டு போய்க் குத்துவிளக்குக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அம்மா அதை அங்கேயே விட்டுவைத்து, அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார்.

ஆ போவின் நாள்கணக்கில் எனக்கு மனம் ஒப்பாத ஒன்றும் உண்டு. அவர் பேத்திக்கு 2024இல் கல்யாணம் செய்ய நினைத்தார்கள். ஆனால் அந்த டிராகன் வருடத்துக்குள் வசந்தப் பிறப்பே வரவில்லை. லப் சொன் என்கிற அந்த நாள் சூரியக் கணக்கு, பிப்ரவரி 4ஐ ஒட்டியே வரும். புத்தாண்டோ நிலாக் கணக்கு. 2024இல் பிப்ரவரி 10இல் பிறந்து, அடுத்த ஜனவரி 28இல் முடிந்துவிட்டது. வசந்தம் இல்லாத வருடத்துக்கு ‘விதவை வருடம்’ என்று பெயர். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு வலித்தது. ஒரு காலண்டர் இடுக்குக்கு ஏன் ஒரு பெண்ணின் துயரத்தைப் பெயராக வைக்க வேண்டும்? அதை ஆ போவிடமே கேட்டேன். அவரும் இளவயதில் கணவரை இழந்தவர். “பெயர் கெட்டது, எனக்கும் பிடிக்காது. ஆனால் பெண்ணின் மாமியார் படிப்பார்களே” என்றார். பாம்பு வருடத்தில் இரண்டு வசந்தம், 2025 பிப்ரவரி 3இல் ஒன்று, 2026 பிப்ரவரி 4இல் இன்னொன்று. கல்யாணம் அந்த வருடத்துக்குள் நடந்தது.

இப்போதெல்லாம் புதுப் புத்தகம் வந்ததும் ஆ போ எங்களைத்தான் முதலில் கூப்பிடுகிறார். வசந்த எருது படம் உள்ள பக்கத்தைப் பிரிப்பார். எருதின் பக்கத்தில் ஒரு மாட்டுக்காரப் பையன். அவன் காலைப் பார்க்க வேண்டும். வெறுங்கால் என்றால் மழை அதிகம், இரண்டிலும் செருப்பு என்றால் வறட்சி, ஒன்றில் மட்டும் என்றால் அளவான மழை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூக்கு படும் அளவுக்குக் குனிந்து பார்ப்பார்.

பார்த்து முடித்ததும் நிமிர்ந்து அம்மாவிடம் கேட்பார், “தங்காச்சி, உங்கள் பொங்கல் சாமி இந்த வருடம் எதன்மேல் ஏறி வருகிறது?”

அம்மா பஞ்சாங்கத்தை எடுக்க உள்ளே போவார்.