பள்ளியின் கணினி வலையமைப்பு: கேபிள் உறுதி, தடுப்பு இல்லை

எங்கள் ஊர் மேல்நிலைப்பள்ளி ஒன்று தனது கணினி வலையமைப்பை விரிவுபடுத்தவிருப்பதால், இப்போதுள்ள அமைப்பைப் பார்த்துக் கருத்துச் சொல்லும்படி கேட்டிருந்தார்கள்.

அடித்தளம் நன்றாகவே போடப்பட்டிருக்கிறது. ஆய்வகத்தின் 40 கணினிகளிலிருந்தும் தனித்தனியே கேட்-6 வகைச் செம்புக் கேபிள் வந்து ஒரே ரேக்கில் சேர்வதால், ஒரு கேபிள் பழுதானால் அந்த ஒரு கணினி மட்டுமே நிற்கும். கேபிள்கள் வந்து முடியும் பலகையான பேட்ச் பேனலின் ஒவ்வொரு துளைக்கும் மேலே மேசை எண் ஒட்டியிருக்கிறார்கள்; பழுது பார்க்க வருபவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. அலுவலகக் கட்டடத்துக்கு ஃபைபர் (ஒளியிழைக் கேபிள்) இழுத்ததும் சரியான முடிவு. செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர் எல்லை உண்டு என்பதோடு, ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் இடி விழும் நாளில் ஒரு கட்டடத்தின் பாதிப்பு அந்த வழியாக மற்றொன்றுக்குப் பரவாது.

பாடக் காணொளிகளைப் பள்ளியிலேயே உள்ள சர்வரில் வைத்திருப்பதைத்தான் நான் மிகவும் பாராட்டுவேன். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) இணைய இணைப்பை 40 பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் ஆளுக்கு 2.5 எம்பிபிஎஸ்தான் தேறும். ஒரு ஜிகாபிட் (1,000 எம்பிபிஎஸ்) இணைப்புள்ள சர்வரிலிருந்து எடுக்கும்போது, கணக்குப்படி, ஆளுக்கு 25 வரை கிடைக்கும்.

ஆனால் மாணவர் கணினிகள், ஆசிரியர்களின் கைப்பேசிகள், மதிப்பெண் பட்டியல் வைத்திருக்கும் அலுவலகக் கணினி என அனைத்தும் ஒரே வலையமைப்பில் இருக்கின்றன. இதுவே இந்த அமைப்பின் மிகப் பெரிய குறை என்று கருதுகிறேன். ஒரு மாணவரின் பென்டிரைவில் வரும் வைரஸ் அலுவலகக் கணினியை எட்டுவதற்கு இடையில் எந்தத் தடுப்பும் இல்லை. யாரேனும் வீட்டிலிருந்து ஒரு ரவுட்டரைக் கொண்டுவந்து செருகிவிட்டால், அது தன் போக்கில் ஐபி முகவரிகளை (வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் உரிய எண்களை) வழங்கத் தொடங்கி, பள்ளி முழுவதும் இணைப்பைக் குழப்பிவிடும். முகவரிகளும் 254தான், 24 மணி நேரத்துக்கு ஒதுக்கப்படுவதால், சற்று நேரம் வந்துபோன கைப்பேசிகூட ஒன்றை நாள் முழுவதும் பிடித்துவைத்துக்கொள்கிறது.

வருத்தம் என்னவென்றால், கணினிகளை இணைக்க வாங்கியிருப்பவை, நம் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ளக்கூடிய மேனேஜ்டு சுவிட்சுகள். ஒரே வலையமைப்பை விலான் எனப்படும் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிப்பதற்கும், அந்நிய ரவுட்டர்கள் முகவரி வழங்குவதைத் தடுப்பதற்கும் அவற்றிலேயே வசதி இருந்தும், பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிய நிலையிலேயே இயங்குகின்றன.

அலுவலகக் கட்டடத்தின் சுவிட்சுக்கு யுபிஎஸ் இல்லாததையும் சரிசெய்ய வேண்டும். எனினும், புதிய வைஃபை கருவிகள் வாங்குவதற்கு முன்பு, மாணவர், ஆசிரியர், அலுவலகம் என மூன்று விலான்களாகப் பிரித்து, அவற்றுக்கிடையே என்னென்ன செல்லலாம் என்பதை, போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வாலில் வரையறுக்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.