புல்லட் ஆயில் ஒழுக்கும் கிடைக்காத புல்லரும்

பெரியப்பா ஓட்டிய 1976 மாடல் புல்லட் 350 இப்போது என்னிடம் இருக்கிறது. ராத்திரி போர்டிகோவில் நிறுத்திவிட்டுக் கீழே பேப்பர் விரித்து வைத்தால் காலையில் அதில் தோசை அகலத்துக்கு ஒரு கறை. கேட்டால் எல்லா மெக்கானிக்கும் ஒரே பதில்தான், பழைய புல்லட் என்றால் ஒழுகத்தான் செய்யும், அது அப்படித்தான். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. ஒழுகுகிறது என்றால் ஒரு காரணம் இருக்கிறது, அதைத் தேடிப் போக யாருக்கும் பொறுமை இல்லை, அவ்வளவுதான்.

முதலில் மண்ணெண்ணெய் போட்டு என்ஜின், கியர்பாக்ஸ் இரண்டையும் கழுவித் துடைத்தேன். நன்றாகக் காய்ந்த பிறகு முகத்துக்குப் போடும் பவுடரை எல்லாப் பக்கமும் தூவி, பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். என்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாயின் ரப்பரையும் கழற்றிப் பார்த்தாயிற்று, ஏனென்றால் அது அடைத்துக்கொண்டால் கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறி எந்தப் பேக்கிங் பலவீனமோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும், நாம் ஒவ்வொரு பேக்கிங்காக மாற்றிக்கொண்டே இருப்போம். என் வண்டியில் பிரீதர் சரியாக இருந்தது. பவுடரில் ஈரக்கோடு இறங்கியது இடது பக்கம் கியர்பாக்ஸ் பின்னால், செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டுக்கு உள்பக்கம். விரலில் தொட்டு மோந்து பார்த்தால் கந்தக வாடை. அது என்ஜின் ஆயில் இல்லை, 90 கியர் ஆயில்.

இந்த நாலு கியர் பாக்ஸுக்கு முதலில் சொல்லப்பட்டது ஓடுகிற பதத்தில் இருக்கும் கிரீஸ்தான். நம் ஊரில் எல்லோரும் 90 ஆயில் ஊற்றுகிறார்கள், அது சந்து பார்த்து வெளியே வந்துவிடுகிறது. அதோடு ஸ்பிராக்கெட்டுக்குப் பின்னால் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலும் போயிருந்தால் கேட்கவே வேண்டாம்.

சீல் விலை ஒரு டீ, பஜ்ஜி காசுதான். ஆனால் அதைத் தொட வேண்டுமென்றால் இடது ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல், பிரைமரி கவர், ஆல்டர்னேட்டர், கிளச், அப்புறம் உள் கவர், கடைசியாக ஸ்பிராக்கெட் என்று வரிசையாகக் கழற்ற வேண்டும். என்ஜினையும் கிளச்சையும் இணைக்கும் பிரைமரி செயினுக்குப் பிரிக்கிற லாக் கிடையாது, எனவே என்ஜின் ஸ்பிராக்கெட்டும் கிளச்சும் ஒன்றாகத்தான் வெளியே வரும். கிளச் சென்டரோ தண்டைக் கவ்விப் பிடித்திருக்கும், இழுத்துக் கழற்றும் டூலான புல்லர் இல்லாமல் வராது. என் கிளச்சைத் திறந்தபோது சென்டர் நட்டின் ஆறு முனையில் நாலில் உளி பட்ட காயம். உள் கவரின் ஓரத்தில் ஸ்குரூடிரைவர் விட்டு நெம்பிய பள்ளம் வேறு, நகத்தை வைத்தால் உள்ளே போகிறது. யாரோ எந்தக் காலத்திலோ டூல் இல்லாமல் அடித்துக் கழற்றியிருக்கிறார்கள். அந்தப் பள்ளத்தைப் பார்த்ததும், நான் எதையும் அடித்துக் கழற்றப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

அப்புறம் தேடல். முதல் பிரச்சினை ஸ்பேனர். 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியா ஆரம்பித்தார்கள், திருவொற்றியூரில் வண்டி செய்ய ஆரம்பித்தபோது டிசைனோடு மரை அளவுகளும் அங்கிருந்தே வந்தன. அதனால் பழைய புல்லட்டில் பல நட்டுகளுக்கு நம் மில்லிமீட்டர் ஸ்பேனர் உட்காராது. விட்வர்த் என்பது இங்கிலாந்தின் பழைய அங்குல மரை அளவு. கால் அங்குல விட்வர்த் ஸ்பேனரின் வாய் ஏறக்குறைய 13.3 மி.மீ. 13 நுழையாது, 14 வழுக்கி முனையைத் தேய்த்துவிடும். அதில் பொறித்திருக்கும் எண் போல்ட்டின் கனம், தலையின் அகலம் இல்லை, இது தெரியாமல் முதல் தடவை தப்பான ஸ்பேனரை வாங்கி வந்துவிட்டேன். கோவை உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் மூன்று ஞாயிற்றுக்கிழமை துழாவியதில் துருப்பிடித்த விட்வர்த் ரிங் ஸ்பேனர் நாலு கிடைத்தது. புல்லர் மட்டும் எங்கேயும் இல்லை.

கடைசியில் கணபதியில் ஒரு லேத் பட்டறை. அண்ணன் ஒருவர் கிளச் சென்டரையே கையில் வாங்கி, வெர்னியரில் ஸ்பிரிங் ஸ்டட் மூன்றுக்கும் இடையிலான தூரத்தை அளந்து, பத்து மி.மீ. தகட்டில் மூன்று துளை போட்டு நடுவில் மரை வெட்டிக் கொடுத்தார். ஸ்பிராக்கெட் நட் பெரியது, ஆனால் மெல்லியது, சாதாரண ஸ்பேனர் நழுவும். அதற்கு ஒரு குழாயின் வாயில் அறுகோணம் செதுக்கி பாக்ஸ் ஸ்பேனர். கிளச் சுற்றாமல் பிடிக்க, தேய்ந்த பழைய கிளச் பிளேட்டுகள் இரண்டைச் சேர்த்து வெல்டு வைத்து நீளக் கைப்பிடி. மூன்றும் ஒரே மத்தியானத்தில்.

புல்லரை மாட்டி நடு போல்ட்டை மெதுவாக இறுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை, இன்னொரு கால் சுற்று, டக் என்று ஒரு சத்தம், கிளச் கையில் வந்துவிட்டது. ஒரு அடி கூட அடிக்கவில்லை. பழைய சீலின் உதடு அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று உடைந்தது.

பிரைமரி கவரை நடுவில் ஒரே நட்தான் பிடித்திருக்கிறது. ஒழுகினால் அதைத்தான் எல்லோரும் இன்னும் இறுக்குகிறார்கள், கவர் வளைந்து ஒழுக்கு கூடுகிறது. கவரைக் கண்ணாடி மேல் வைத்து மட்டம் பார்த்து, புது ரப்பர் போட்டு, அளவோடு இறுக்கினால் போதும்.

இப்போது ஆறு வாரமாகப் பேப்பர் காய்ந்தே இருக்கிறது. ராக்கர் குழாய் பக்கம் மட்டும் லேசாகக் கசிகிறது, அந்தச் செம்பு வாஷரை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மெத்தென்று ஆகிவிடும், இந்த ஞாயிறு அந்த வேலைதான். கோவைப் பக்கம் யாருக்காவது இதே கிளச்சைக் கழற்ற வேண்டியிருந்தால் உளியை எடுக்காதீர்கள், என்னிடம் கேளுங்கள். புல்லரை எடுத்துப்போய் வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்தால் போதும்.