இரண்டுமே நல்லதாக இருக்கும்போது கடவுளிடம் எப்படிக் கேட்பது?

நல்லதா கெட்டதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தால் பத்துக் கட்டளைகளே போதும். என் முன்னால் இருந்த இரண்டும் நல்ல காரியங்கள், சிக்கலே அதுதான். ஒன்று, வேலையை விட்டுவிட்டு, தொலைவிலிருக்கும் ஒரு மறைபணித் தளத்துக்கு (மிஷன் நிலையத்துக்கு) பொதுநிலையினராக, அதாவது குருவோ துறவியோ அல்லாத ஒருவராக, போய் இரண்டு வருடம் சேவை செய்வது. இன்னொன்று, இருக்கிற வேலையிலேயே இருந்து, வயதான அம்மாவைப் பார்த்துக்கொண்டு, எங்கள் பங்கில் (கோயில் வட்டாரத்தில்) நடமாட முடியாத நோயாளிகளின் வீடுகளுக்கு நற்கருணையை, திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தை, கொண்டுபோகும் பணியை ஏற்பது. இரண்டாவதைப் பங்குத்தந்தை கேட்டிருந்தார். முதலாவது என் பல வருட ஆசை.

செபிக்கத் தொடங்கினேன். ஒன்பது நாள் செபமான நவநாள், வெள்ளிக்கிழமை ஒருசந்தி நோன்பு, தினமும் செபமாலை, எல்லாவற்றின் முடிவிலும் "ஆண்டவரே, ஒரு அடையாளம் காட்டும்" என்ற ஒரே மன்றாட்டு. எதுவும் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பைபிளைத் திறந்து விரல் படுகிற வசனத்தைப் பார் என்று சிலர் சொன்னார்கள், எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. தியானங்களை வழிநடத்துகிற ஒரு அருள்சகோதரியைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒன்றைத்தான் கேட்டார்: "எந்தப் பதில் வரணும்னு உங்களுக்கு ஏற்கெனவே ஆசை இருக்குல்ல? அதை முதல்ல ஆண்டவர்கிட்ட வாய்விட்டுச் சொல்லிடுங்க. மறைச்சு வெச்சுக்கிட்டு செபிச்சா, அந்த ஆசையோட சத்தம்தான் அவர் சத்தம் மாதிரி கேக்கும்."

சொன்னேன், கோயிலில் நற்கருணை வைத்திருக்கும் பேழைக்கு முன்னால் உட்கார்ந்து, போக வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது ஆண்டவரே என்று சொன்னேன். அதற்கப்புறம்தான் உண்மையில் செபம் தொடங்கியது என்று இப்போது நினைக்கிறேன்.

சிஸ்டர் எனக்குக் கற்றுக்கொடுத்தது இயேசு சபையைத் தொடங்கிய புனிதர் லொயோலா இஞ்ஞாசியாரின் வழி. அவர் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1521-இல் பம்ப்லோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு காலை உடைத்துவிட, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். வாசிக்க வீரசாகசக் கதைகள் கேட்டார், அந்த வீட்டில் இருந்ததோ கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர்களின் வரலாறும்தான். படுத்தபடியே சில நேரம் போர்க்களப் புகழையும் ஒரு சீமாட்டியின் மனதைக் கவர்வதையும் கற்பனை செய்வார், சில நேரம் பிரான்சிஸ் அசிசியாரைப் போலவும் தோமினிக்கைப் போலவும் வாழ்ந்தால் எப்படி இருக்கும் என்று யோசிப்பார். இரண்டுமே நினைக்கும்போது இனித்தன. ஆனால் முதல் வகை நினைப்பு கலைந்ததும் மனது வறண்டுபோனது, இரண்டாவது வகை கலைந்த பிறகும் மகிழ்ச்சி தங்கியது. அந்த வித்தியாசத்தைக் கவனித்ததிலிருந்துதான் திருச்சபைக்கு இன்று நாம் தெளிந்து தேர்தல் என்று சொல்கிற, எந்த உள்தூண்டுதல் கடவுளிடமிருந்து வருகிறது என்று பிரித்தறியும் அந்தப் பெரிய பாடம் கிடைத்தது.

அதனால் எனக்குக் கிடைத்த பயிற்சி எளிமையானது. காலையில் அன்றைய திருப்பலி நற்செய்தியை மெதுவாக வாசித்து, மனதில் ஒட்டுகிற சொல்லோடு கொஞ்ச நேரம் இருப்பது. இரவில் ஆன்ம ஆய்வு: முதலில் நன்றி, அப்புறம் தூய ஆவியாரிடம் வெளிச்சம் கேட்பது, அந்த நாளை மணிக்கு மணி திரும்பிப் பார்ப்பது, மன்னிப்பு, நாளைக்கு ஒரு தீர்மானம். கூடவே ஒரு நோட்டு. அந்த இரண்டு விஷயங்களில் எது நினைவுக்கு வந்தாலும், வந்தபோது எப்படி இருந்தது, போன பிறகு எப்படி இருந்தது என்று எழுதச் சொன்னார். போன பிறகு என்பதை இரண்டு முறை அழுத்திச் சொன்னார்.

அந்த நோட்டிலிருந்து ஒரு பக்கம்: "காலை, பஸ்ஸில். மறைபணித் தள நினைவு. பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். திரும்பி வந்ததும் கோயிலில் எல்லார் முன்னாலும் அனுபவம் பேசுகிறேன். ரொம்ப சந்தோஷம். மதியம். அம்மா போன் செய்து மாத்திரை எங்கே என்று கேட்டார், எரிச்சலாக வந்தது. மனசு காய்ந்து கிடக்கிறது. சாயங்காலம். நோயாளிகளைப் பார்க்கும் பணி பற்றி யோசித்தேன். பெரிதாக எதுவும் தோன்றவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகும் மனசு லேசாகவே இருக்கிறது."

இப்படிப் பல பக்கங்கள். சிஸ்டர் அவற்றை வாசித்துவிட்டு எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை, இஞ்ஞாசியார் வகுத்த இன்னொரு விதியை மட்டும் எடுத்துச் சொன்னார். பக்தியுள்ளவர்களைக் கெட்ட எண்ணத்தால் இழுக்க முடியாது என்பதால் சோதனை நல்ல எண்ணத்தின் உடையில்தான் வரும், சாத்தானும் ஒளியின் தூதனாக வேடம் போடுவான் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார். எனவே எண்ணம் எங்கே தொடங்குகிறது என்பதோடு நிறுத்தாமல் நடுவில் எப்படிப் போகிறது, கடைசியில் என்னை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று முழுவதையும் பார்க்க வேண்டும். என் விஷயத்தில் அது சேவையில் தொடங்கி, கைதட்டல் வழியாகப் போய், அம்மாமேல் எரிச்சலில் முடிந்துகொண்டிருந்தது. இதனால் மறைபணித் தளத்துக்குப் போவது தவறு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வேறொருவருக்கு அதுவே கடவுளின் அழைப்பாக இருக்கும், அவருடைய நோட்டில் அது வேறு மாதிரி தெரியும்.

நடுவில் ஒரு நீண்ட வறட்சிக் காலம் வந்தது. ஆராதனையில் உட்கார்ந்தால், நற்கருணையை எல்லோரும் பார்க்க வைத்திருக்கும் கதிர்பாத்திரத்தைப் பார்த்தபடி வீட்டுக் கணக்குதான் ஓடும், நற்செய்தி வெறும் எழுத்தாகத் தெரியும், பேசாமல் இரண்டையுமே விட்டுவிட்டு எல்லோரையும் போல இருந்துவிடலாம் என்று பலமாகத் தோன்றும். இந்த இடத்தில் இஞ்ஞாசியாரின் ஒரு விதி என்னைக் காப்பாற்றியது: வறட்சியில் இருக்கும்போது, ஆறுதலாக இருந்த காலத்தில் எடுத்த தீர்மானத்தை ஒருபோதும் மாற்றாதே, செபத்தை மட்டும் கொஞ்சம் கூட்டு. நான் எடுத்திருந்த தீர்மானம் தொடர்ந்து கேட்பேன் என்பதுதான், அதைப் பிடித்துக்கொண்டேன். அன்னை தெரசா 1946-இல் டார்ஜிலிங் போகும் ரயிலில் அவ்வளவு தெளிவாக அழைப்பைக் கேட்டவர், அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் செபத்தில் இருளிலேயே இருந்தார் என்று அவருடைய கடிதங்களிலிருந்து தெரிகிறது. ஆறுதல் வராததும் கடவுள் இல்லாததும் ஒன்றல்ல என்று அப்போது எனக்குச் சொல்ல அவரைவிடத் தகுதியானவர் யாருமில்லை.

அந்த நாட்களில் செபமாலைதான் துணை. சொந்தமாகப் பேச வார்த்தை இல்லாதபோது விரலுக்கும் உதட்டுக்கும் ஒரு வேலை கிடைக்கிறது, மனது மெல்ல அடங்குகிறது. குறிப்பாக வியாழக்கிழமை செபிக்கும் ஒளி நிறை மறைபொருள்கள், அதாவது இயேசுவின் பொதுவாழ்வு நிகழ்ச்சிகளைத் தியானிப்பவை, திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 2002-இல் சேர்த்தவை. அதில் கானாவூர் திருமணம் வரும்போதெல்லாம் "அவர் உங்களுக்குச் சொல்வதெல்லாம் செய்யுங்கள்" என்ற மாதாவின் வார்த்தையில் நின்றுவிடுவேன். சொல்வது புரியும் முன்பே செய்யத் தயாராக இருக்கச் சொல்கிறார், எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

அப்புறம் ஒரு திங்கட்கிழமைத் திருப்பலியில் மாற்கு 5 வாசகம். பேய் பிடித்துக் கல்லறைகளில் கிடந்த மனிதர் குணமாகி, இயேசுவோடு படகில் வர அனுமதி கேட்கிறார். மற்றவர்களை "என் பின்னே வா" என்று கூப்பிட்ட அதே இயேசு இவருக்கு இசையவில்லை, வீட்டுக்குப் போய் உன் உறவினரிடம் ஆண்டவர் செய்ததைச் சொல் என்று அனுப்புகிறார். எத்தனையோ முறை கேட்ட வாசகம். அன்றைக்கு நெஞ்சில் தைத்தது. வலித்தது, ஆனால் வலிக்கு அடியில் ஒரு அமைதி இருந்தது. உடனே இதுதான் பதில் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், சில வாரம் சுமந்து பாருங்கள் என்றார் சிஸ்டர். சுமந்தேன். முன்பின் தெரியாத ஒருவர் இதே நிலையில் வந்து கேட்டால் என்ன சொல்வேன், சாகும் நேரத்தில் எதைத் தேர்ந்தெடுத்திருக்க விரும்புவேன் என்று இஞ்ஞாசியார் சொல்லும் கற்பனைகளையும் செய்து பார்த்தேன். அமைதி குறையவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காணிக்கை நேரத்தில், இங்கேயே இருக்கிறேன் என்று அந்த முடிவை அப்பத்தோடு ஒப்புக்கொடுத்தேன், திருப்பலி முடிந்ததும் பங்குத்தந்தையிடம் சரி என்று சொன்னேன்.

இப்போது ஞாயிறுதோறும் ஒரு சிறிய சிமிழில் நற்கருணையோடு வீடுகளுக்குப் போகிறேன். விழுங்கச் சிரமப்படுகிற ஒரு பெரியவர் இருக்கிறார். அப்பத்தில் மிகச் சிறிய துண்டு எடுத்து, கொடுத்ததும் ஸ்பூனில் கொஞ்சம் தண்ணீர் ஊட்ட வேண்டும், அவர் ஆமென் சொல்லி முடிக்கவே நேரமாகும், காத்திருக்க வேண்டும். அங்கே காத்திருக்கும்போது வேறெங்கும் போகத் தோன்றுவதில்லை. சிஸ்டரிடம் சொன்னேன், அதையும் நோட்டில் எழுதுங்கள் என்றார்.

மறைபணித் தளக் கேள்வி முடிந்துபோனதாக நான் நினைக்கவில்லை. அம்மாவின் நிலைமை மாறலாம், என் நிலைமை மாறலாம், அப்போது திரும்பக் கேட்பேன். இதைத் தொடங்க நினைப்பவர்கள் முதலில் கூடவே கேட்கிற ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். சிறுவன் சாமுவேலைக் கடவுள் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோதும் கூப்பிடுவது யார் என்று அவனுக்குச் சொல்ல வயதான குரு ஏலி தேவைப்பட்டார். பங்குத்தந்தையோ, அருள்சகோதரியோ, செபத்தில் பழகிய ஒரு பொதுநிலையினரோ, யாராக இருந்தாலும் சரி, உங்களுக்குப் பதிலாக முடிவெடுக்காதவராக இருக்கட்டும்.