சண்டைக்குப் போகாத பிளேன்கள்

கனடாவுக்குப் போய்வந்தால் எல்லாரும் கேட்பது நயாகராவைப் பற்றித்தான். பார்த்தேன். தண்ணீர் விழுகிறது, சனம் நின்று படம் எடுக்கிறது. அதை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுத நினைத்தது ஒட்டாவாவில் இருக்கும் கனடா விமான, விண்வெளி நூதனசாலையைப் பற்றி. அங்கே நிற்கும் சில பிளேன்களுக்கும் திருகோணமலையில் நம்ம சீனக்குடாவுக்கும் சம்பந்தம் உண்டு என்று சொன்னபோது, என்னைக் கூட்டிக்கொண்டு போன மருமகனே நம்பவில்லை.

நான் சரித்திரம் படித்தவன் இல்லை. திருகோணமலையில் மீன்பிடி வள்ளங்களுக்கு அவுட்போட் இஞ்சின் திருத்துவது என் தொழில். அதனால் ஒரு பிளேனைப் பார்த்தால் அதை ஓட்டியவர் யார் என்பதெல்லாம் பிறகுதான். ரிவெட் எப்படி அடித்திருக்கிறார்கள், தகடு எங்கே மடிகிறது, உப்பு எங்கே கடித்திருக்கிறது, இவைதான் முதலில் கண்ணில் படும். இந்தப் பதிவும் அப்படித்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நூதனசாலை இருப்பது ரொக்கிளிஃப் என்ற பழைய விமானப்படைத் தளத்தில். முக்கோண வடிவில் பெரிய கட்டடம், 1988இல் திறந்தது. அதற்கு முன்பு அதே தளத்தில் இருந்த போர்க்காலத்து மரக் கொட்டகைகளில்தான் எல்லாவற்றையும் வைத்திருந்தார்களாம். நூற்றுமுப்பதுக்கு மேற்பட்ட பிளேன்கள் அவர்களிடம் இருக்கின்றன. முதலாம் உலகப் போரில் ஜெர்மனியிடமிருந்து கைப்பற்றிய ஏஇஜி குண்டுவீச்சு விமானம் ஒன்றும் அதில் அடக்கம். அந்த வகையில் உலகத்திலேயே மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். மருமகன் அதன் முன்னால் நின்று படம் எடுத்தான். எனக்கு அதில் பெரிதாக மனம் ஒட்டவில்லை.

என்னை நிறுத்தி வைத்தது கான்சோ. கட்டலீனா என்ற பறக்கும் படகுக்குக் கனடாக்காரர் வைத்த பெயர் அது. இறக்கை ஏறத்தாழ 32 மீற்றர். அதை உடம்போடு ஒட்டாமல், நடுவில் ஒரு தூண் எழுப்பி அதன் மேல் தூக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டு இஞ்சினும் இறக்கையில்தான். சுழலும் விசிறியில் கடல்தண்ணீர் அடிக்கக்கூடாது என்பதற்காகத்தான் இந்த உயரம். இறக்கை நுனியில் இருக்கும் மிதவைகள் தண்ணீரில் நிற்கும்போது கீழே இறங்கும், பறக்கும்போது மேலே மடிந்து இறக்கையின் நுனியாகவே ஆகிவிடும். யார் யோசித்தாரோ, அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்.

நான் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தேன். வள்ளத்தின் ஏராப் போலவே நடுவில் ஒரு முதுகு ஓடுகிறது, பாதிவழியில் ஒரு படி வெட்டியிருக்கிறது. வேகம் எடுக்கும்போது தண்ணீர் அடிப்பாகத்தைப் பிடித்துவைக்காமல் அந்தப் படியில் அறுபட்டுப் போகும். நம்ம ஆட்கள் ஃபைபர் வள்ளம் வேகம் எடுக்கும்போது முன்பக்கம் தூக்கிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் அப்படித் தூக்கி, பிறகு அந்தப் படியின் மேல் ஓடி, கடைசியில் தண்ணீரை விட்டு எழும்பும். ரிவெட் வரிசைகளை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும் போல இருந்தது. தொடக்கூடாது என்று போட்டிருக்கிறது. முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன். தகடும் தகடும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில்தான் அலுமினியம் பூக்கும், வெள்ளையாக மா மாதிரி உதிரும். எங்கள் கடையில் தினமும் பார்க்கிற சங்கதி. இஞ்சின் காலில் மாட்டியிருக்கும் துத்தநாகக் கட்டியை மாற்றாமல் விட்டால் ஆறே மாதத்தில் கால் பொரிந்துபோகும். இங்கே ஒரு பொட்டு வெள்ளைகூட இல்லை.

"மாமா, அதுக்குள்ள என்ன தேடுறியள்? அங்கால லங்காஸ்டர் நிக்குது, வாங்கோ."

"கொஞ்சம் பொறு தம்பி. இது ஆர் எண்டு தெரியுமோ?"

அவனுக்குத் தெரியவில்லை. கனடாவில் படித்த பிள்ளை. சரி, சொல்லித்தான் ஆகவேண்டும் என்று அங்கேயே நின்றபடி சொன்னேன்.

1942 ஏப்ரல் 4. கனடா விமானப்படையின் 413ஆம் படையணி அப்போதுதான் ஸ்கொட்லாந்துக்கு வடக்கே இருந்த தளத்தை விட்டு நம்ம நாட்டின் தெற்குக் கரையில் கொக்கலவுக்கு வந்து இறங்கியிருந்தது. லெனார்ட் பேர்ச்சோல் என்ற அதிகாரி, ஒன்ராறியோவில் செயின்ட் கதரின்ஸ்காரர், விடியமுன் ஒரு கட்டலீனாவைக் கிளப்பிக்கொண்டு தெற்கே போனார். பகல் முழுக்கக் கடலைத் தேடி ஒன்றும் காணவில்லை. பின்னேரம், இனித் திரும்பலாம் என்ற நேரத்தில், தூரத்தில் புள்ளி புள்ளியாகக் கப்பல்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் ஜப்பானின் விமானந்தாங்கிப் படை. பேர்ள் துறைமுகத்தை அடித்த அதே படை. செய்தி அனுப்பத் தொடங்கினார்கள். அனுப்பி முடிய முன்னே ஜப்பானின் சீரோ சண்டை விமானங்கள் வந்து சுட்டுக் கடலில் இறக்கிவிட்டன. ஒன்பது பேரில் மூன்று பேர் செத்துப்போனார்கள். மிச்சப் பேரை ஜப்பான்காரர் கடலிலிருந்து தூக்கினார்கள். பேர்ச்சோல் 1945 வரை ஜப்பானில் கைதி. முகாம்களில் மற்றக் கைதிகளுக்காக எதிர்த்து நின்று அடி வாங்கியவர் என்பதற்காகவும் பிறகு விருது கொடுத்தார்கள். "இலங்கையைக் காப்பாற்றியவர்" என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. 2004இல் காலமானார்.

அந்த அரைகுறைச் செய்தி வந்ததால்தான் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பை அடிக்க வந்தபோது துறைமுகத்தில் பெரும்பாலான கப்பல்கள் இல்லை. நாலு நாள் கழித்து நம்ம முறை. 9ஆம் திகதி காலை ஏழு மணி கடந்ததும் நூற்றுக்கு மேற்பட்ட பிளேன்கள் திருகோணமலைக்கு மேலே. சீனக்குடாவில் இருந்த 261ஆம் படையணியின் ஹரிகேன் சண்டை விமானங்கள் எதிர்த்துப் போயின. அன்று காலை ஜப்பான் கப்பல்களைத் தேடிப் போன இன்னொரு கட்டலீனா, அதுவும் 413ஆம் படையணியுடையது, திரும்பி வரவே இல்லை. அதில் ஒருவரும் தப்பவில்லை. முதல்நாள் எச்சரிக்கை கிடைத்து இரவோடு இரவாக நம்ம துறைமுகத்தை விட்டு வெளியேறிய ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் அகப்பட்டு மூழ்கியது. விமானந்தாங்கி. ஆனால் அன்று அதில் ஒரு பிளேன்கூட இல்லை. 307 பேர் போனார்கள். இன்றும் கல்லடிக்கு நேரே கடலடியில் கிடக்கிறது. வெள்ளைக்காரச் சுழியோடிகள் காசு கொடுத்துப் போய்ப் பார்க்கிறார்கள்.

மருமகன் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு கேட்டான், "அப்ப இதுதானே அந்த பிளேன்?"

இல்லை. இது அதன் வகை, அவ்வளவுதான். பேர்ச்சோலின் கட்டலீனாவுக்குச் சில்லே கிடையாது, தண்ணீரில் மட்டும் இறங்குவது. இந்தக் கான்சோவுக்குப் பக்கவாட்டில் மடிந்து ஏறும் சில்லுகள் இருக்கின்றன. அவருடையது இந்துசமுத்திரத்தின் அடியில்.

இதைச் சொன்ன பிறகுதான் எனக்கு அந்தக் கட்டடம் முழுக்க வேறு மாதிரித் தெரியத் தொடங்கியது. ஹரிகேன் நிற்கிறது. அழகாக, எண்ணெய் ஒழுகல் ஒன்றும் இல்லாமல். ஃபோர்ட் வில்லியம் என்ற ஊரில் ரயில்பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்று போர்க்காலத்தில் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட ஹரிகேன்களைக் கட்டியது. அதன் தலைமைப் பொறியியலாளர் எல்சி மக்கில் என்ற பெண்மணி. போலியோ வந்து ஊன்றுகோலோடு நடந்தவர். அவரைப் பற்றி ஒரு முழுப் பதிவே எழுதலாம். அங்கே நிற்கும் ஹரிகேன் அப்படிக் கனடாவில் கட்டி, கனடாவின் சொந்தக் காவலுக்கென்று வைத்திருந்தது. கடல் தாண்டிப் போகவில்லை, சண்டை காணவில்லை. லங்காஸ்டர் என்ற குண்டுவீச்சு விமானமும் 1945இல் கட்டியது. சண்டைக்கு நேரம் இருக்கவில்லை.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். நூதனசாலையில் நிற்பவை பெரும்பாலும் ஒன்றும் நடக்காத பிளேன்கள். நடந்த பிளேன்கள் கடலுக்குள்ளும் காட்டுக்குள்ளும் பழைய இரும்புக் கடையிலும் போய்விட்டன. குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. போன வண்டியை யாரும் கொண்டுவந்து நிறுத்த முடியாதே. ஆனால் பலகையில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டு, இதுதான் குண்டு போட்டது, இதுதான் சுட்டது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு போகிற தகப்பன்மாரைப் பார்க்கும்போது, தோளில் தட்டி, அண்ணை, இது கொட்டகைக்குள்ளேயே இருந்ததுதான் என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. அங்கே அப்படிச் சொல்லக்கூடாதாம்.

உண்மையாக ஏதோ நடந்தது என்று கண்ணுக்குத் தெரியும் சாமான் ஒன்றும் அங்கே உண்டு. அவ்ரோ ஆரோவின் மூக்கு. கனடாக்காரர் தாங்களே வடிவமைத்த, ஒலியைவிட வேகமாகப் போகும் ஜெட். 1959 பெப்ரவரி 20ஆம் திகதி அரசாங்கம் அந்தத் திட்டத்தையே நிறுத்தியது. கட்டிய பிளேன்களையெல்லாம் வெட்டி நொறுக்கச் சொன்னார்கள். மிஞ்சியது முன்பக்கமும் சில துண்டுகளும். அறுத்த வாயைப் பார்த்தேன். தொழிற்சாலையில் அளந்து வெட்டிய விளிம்பு இல்லை அது, அவசரத்தில் வெட்டியது. எந்த வேலைக்காரன் வெட்டினானோ, கட்டியவனே வெட்டினானோ. அரைமணித்தியாலம் அதற்கு முன்னால் நின்றதில் மருமகனுக்குப் பசி வந்துவிட்டது.

இங்கே இரத்மலானையில் நம்ம விமானப்படை நூதனசாலை இருக்கிறது, போகாதவர்கள் போங்கள். அங்கே ஒரு ஜெட் புரொவோஸ்ட் நிற்கிறது. 1959இல் வாங்கிய பயிற்சி ஜெட் அது. கொஞ்ச வருடத்தில் ஓரம் கட்டி வைத்ததை 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது அவசரமாகத் துடைத்துக் கிளப்பினார்கள். நாங்கள் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆகவே அங்கே நிற்கும் ஒன்றிரண்டைப் பார்த்து "இது போனதுதான்" என்று சொல்லலாம். சொல்வதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. அந்த ஏப்ரலில் செத்தவர்கள் இந்த நாட்டுப் பிள்ளைகள்.

திருகோணமலைக்கு வருவோம். இங்கே நூதனசாலை வேண்டாம், சீனக்குடா எண்ணெய்க் குதங்கள் இருக்கும் காட்டுக்குள் போனால் போதும். 99 தாங்கிகள் இன்னும் நிற்கின்றன. 91ஆம் இலக்கத் தாங்கி நிற்கவில்லை. 1942 ஏப்ரல் 9இல் ஒரு ஜப்பான் பிளேன் அதன்மேல் விழுந்து, ஏழு நாள் எரிந்ததாகப் பேச்சு. என் அம்மப்பா அப்போது துறைமுகத்தில் கூலி. புகை காரணமாகப் பகலில் விளக்கு வைத்தோம் என்று சொல்லுவார். அவர் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவார், அதையும் சேர்த்துக் கேளுங்கள். நான் பார்த்தபோது தாங்கியின் தடித்த இரும்புத் தகடு மெழுகு உருகினாற்போல் உள்பக்கமாகச் சரிந்து, அதன் மேல் மரம் முளைத்துக் கிடந்தது. கயிறு கட்டவில்லை, கண்ணாடி போடவில்லை. ஒட்டாவாவில் அவ்வளவு பிளேனையும் பார்த்தேனே, அந்த இரும்பு சொல்வதை அதில் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று எரிந்த சகாயிங் என்ற கப்பலைக் கடற்படைச் சுழியோடிகள் 2018இல் நம்ம துறைமுகத்திலிருந்து மேலே எடுத்தார்கள். எழுபத்தைந்து வருடம் தண்ணீரில் கிடந்த கப்பலை எடுக்க முடிந்தது. விழுந்த பிளேன்களின் துண்டுகளும் சும்மா இருக்காது. சின்ன வயதில் ஒரு வீட்டில் கோழிக்கூட்டுக்குக் கதவாக வளைந்த அலுமினியத் தகடு ஒன்று பார்த்திருக்கிறேன். ஒரு விரல் இடைவெளியில் ரிவெட் ஓட்டைகள், உள்பக்கம் மஞ்சள்பச்சைப் பெயின்ட். பிளேன் உடம்புக்கு உள்ளே துருவுக்கு எதிராகப் பூசும் அந்தப் பெயின்ட் என்பது கனடாவில் கான்சோவின் சில்லு மடியும் குழிக்குள் எட்டிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. அதே நிறம். அந்த வீடு இப்போது இல்லை, கூடும் இல்லை.

சீனக்குடா, கிண்ணியா, மூதூர்ப் பக்கம் இருப்பவர்களே, பழைய இரும்பு எடுக்க வருகிறவனிடம் அலுமினியத்தைக் கிலோக் கணக்கில் தூக்கிக் கொடுக்க முன் ஒருதடவை திருப்பிப் பாருங்கள். ரிவெட் வரிசை ஒழுங்காக இருந்து, உள்ளே அந்த மஞ்சள்பச்சை தெரிந்தால் ஒரு படம் எடுத்து இந்தப் பதிவுக்குக் கீழே கருத்தில் போடுங்கள். அவன் தரும் விலையை நானே தருகிறேன். குண்டு மாதிரி, மூடி மாதிரி உருண்டையாக ஏதாவது கிடைத்தால் மட்டும் தொடவேண்டாம், பொலிசுக்குச் சொல்லுங்கள்.